புதுப்பிப்பு: ஈரத்தால் குவார்ட்ஸ் மீது உராய்வு கூடியது ஏன்? விடை கிடைத்துவிட்டது

செயற்கை நீலக்கல் உருண்டையைப் பளபளப்பாக்கிய குவார்ட்ஸ் துண்டின் மேல் இழுக்கும்போது, உலர்ந்த நிலையில் உராய்வுக் கெழு (உராய்வு விசைக்கும் அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 0.2 ஆகவும், ஒரு சொட்டு நீர் விட்டதும் அதைப் போல இருமடங்காகவும் வருவது ஏன் என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

காற்றின் ஈரப்பதம், மேற்பரப்பின் சொரசொரப்பு ஆகியவற்றைச் சரிபார்த்தும் மாற்றமில்லை. பலித்தது, "நீரைச் சந்தேகிக்காதீர்கள், அழுக்கைச் சந்தேகியுங்கள்" என்ற மூன்றாவது யோசனைதான். அசிட்டோனால் துடைத்த துண்டில் நீர்த்துளி முத்தாகத் திரண்டு நின்றது; அழுக்கு இன்னும் ஒட்டியிருப்பதன் அடையாளம் அது. கரிம அழுக்கை அகற்றும் புற ஊதா–ஓசோன் கருவியில் வைத்து எடுத்தபின் அதே துளி மெல்லிய படலமாகப் பரவியது. அப்படித் தூய்மையான பரப்பில் உலர்ந்தும் நனைந்தும் உராய்வு கிட்டத்தட்ட ஒன்றாகவே, உயர்ந்தே இருந்தது. ஆக, நீர் உராய்வைக் கூட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத கரிமப் படலம் செய்துவந்த மசகு வேலையைத்தான் கெடுத்திருக்கிறது. குவார்ட்ஸ், நீலக்கல் இரண்டின் மேற்பரப்பிலும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் இருப்பதால் நீர் அவற்றோடு எளிதில் பிணைந்து படலத்தை விலக்குகிறது என்பது என் ஊகம்.

எதிர்பாராதது ஒன்று: தூய்மையாக்கிய துண்டை ஒரு நாள் திறந்து வைத்தாலே துளி மீண்டும் திரள்கிறது, உராய்வும் இறங்கிவிடுகிறது. எனவே சுத்தம் செய்த உடனேயே அளந்துவிடுங்கள். மைக்கா போன்ற அடுக்குக் கனிமங்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம். அங்கே நீர் உண்மையிலேயே மசகாகிறது.