சுவரில் கிறுக்கினால் ஐந்து வருடம் சிறையா? (அல்லது: பெயிண்ட் போகுமா, போகாதா?)

ஒற்றைக்கண் ஆந்தை:
நேற்று வேறொரு இழையில் நம் ‘சுத்தம் சோறுபோடும்’ ஐயா உதிர்த்த முத்து இது: “சுவரில் கிறுக்குபவனை ஐந்து வருடம் உள்ளே தள்ளுங்கள். ஒருத்தனைத் தள்ளினால் போதும், அடுத்தவன் பெயிண்ட் டப்பாவைத் தொடமாட்டான். சிங்கப்பூரில் நடக்கவில்லையா?” அதற்குக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை, அதனால்தான் இந்த இழை.

ஐயா, நீங்கள் காட்டும் சிங்கப்பூரிலேயே ஐந்து வருடம் கிடையாது. 1966இல் வந்த அந்தச் சட்டத்தில் சிறை அதிகபட்சம் மூன்று ஆண்டு. 1994இல் கார்களில் பெயிண்ட் அடித்து மாட்டிய அமெரிக்கப் பையன் மைக்கேல் ஃபே, உலகமே பேசிய அந்த வழக்கில் கொடுத்தது நான்கு மாதம். பதினெட்டு வயதுப் பையனை ஐந்து வருடம் பூட்டிவைத்தால், வெளியே வரும்போது திருடுவதற்கும் அடிப்பதற்கும் ஆள் பழக்கம் கிடைத்திருக்கும். சுவர் சுத்தமாக இருக்குமோ என்னவோ, பூட்டை நன்றாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

சுத்தம் சோறுபோடும்:
என் பெயரில் இழை திறந்ததற்கு நன்றி. ஆனால் ஆந்தையாருக்கு ஒரு கண் மட்டும்தான் என்பது சரியாகத்தான் இருக்கிறது. நான்கு மாதம் தெரிகிறது, பிரம்படி தெரியவில்லை. ஃபேக்குத் தீர்ப்பு ஆறு அடி. அமெரிக்க அதிபர் கிளின்டனே கேட்டுக்கொண்ட பிறகு நான்காகக் குறைத்தார்கள், கைவிடவில்லை. அதோடு 3,500 சிங்கப்பூர் டாலர் அபராதம்.

இன்னொன்றையும் விழுங்கிவிட்டீர்கள். மேல்முறையீட்டில் அவருடைய வக்கீல்கள் என்ன வாதாடினார்கள்? “அழியாத பெயிண்டுக்குத்தான் பிரம்படி, இந்தக் கார்களைக் குறைந்த செலவில் பழையபடி ஆக்கியாயிற்று” என்று. எடுபடவில்லை, மேல்முறையீடு தள்ளுபடி. ஆகக் கேள்வி ஒன்றுதான். பெயிண்ட் போகுமா, போகாதா? போகாது என்றால் அது சின்னக் குற்றம் இல்லை. முடிந்தது.

வாய்தா:
முடியவில்லை ஐயா, இப்போதுதான் ஆரம்பம். அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. பென்சில், கிரேயான், சாக்பீஸ் போல அழியக்கூடிய பொருளால் எழுதி, முதல் தடவை மாட்டினால் பிரம்படி இல்லை. பெயிண்ட், தார் என்றால் உண்டு. அவ்வளவு கடுமையான சட்டமே அளவு பார்க்கிறது. நீங்கள்தான் கரிக்கட்டிக்கும் ஐந்து வருடம், தாருக்கும் ஐந்து வருடம் என்கிறீர்கள்.

சுத்தம் சோறுபோடும்:
நான் கரிக்கட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. பெயிண்ட் போகுமா, போகாதா?

தூரிகை:
போகும். தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். இதற்கா இவ்வளவு அலப்பறை?

பட்டி பார்த்தவன்:
தின்னர் என்று சொன்ன தம்பி யார்? வாழ்க்கையில் ஒரு சுவரையாவது துடைத்திருக்கிறீர்களா? நான் பெயிண்டிங் வேலைதான் செய்கிறேன், அதனால் கேட்கிறேன்.

இரும்பு ஷட்டர், கார், பளபளப்பான ஓடு என்றால் சரி, துடைத்தால் வரும். அதிலும் கார் என்றால் கீழே இருக்கிற பெயிண்ட்டும் சேர்ந்து வராமல் பார்க்க வேண்டும். பூசாத செங்கல் சுவரில் தின்னர் ஊற்றினால் ஸ்ப்ரே கரைந்து செங்கல் துளைக்குள் இறங்கிவிடும். எழுத்து மறையும், அந்த இடம் முழுக்க அழுக்கு நிறத்தில் மேகம் போல நிற்கும். மேலே எமல்ஷன் அடித்து மூடலாம் என்று நேராக ரோலரை எடுத்தால், கருப்பு ஸ்ப்ரேயும் மார்க்கர் மையும் காய்ந்த பிறகு வெள்ளைக்கு மேல் கசிந்து வரும். இரண்டாவது கோட்டிலும் வரும். கறையைப் பிடித்து நிறுத்துகிற பிரைமர் ஒரு கோட் போட்டுத்தான் மேலே போக வேண்டும். பழைய கருங்கல், மணற்கல் என்றால் கதையே வேறு. மணல் பீய்ச்சி எடுத்தால் எழுத்தோடு கல்லின் மேல்தோலும் போய்விடும், அது திரும்பி வராது. கண்ணாடியில் ஆசிட் கிரீமால் எழுதுகிறவனும் இருக்கிறான். அதைத் துடைக்கவே முடியாது, தேய்த்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கண்ணாடியை மாற்ற வேண்டும்.

போகுமா போகாதா என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் இல்லை. எந்தச் சுவர், எந்த மை, எத்தனை நாள் ஆச்சு, அதைச் சொன்னால் சொல்கிறேன்.

சுத்தம் சோறுபோடும்:
கேட்டீர்களா? வேலை தெரிந்தவரே சொல்லிவிட்டார், போகாது என்று. நன்றி அண்ணே.

பட்டி பார்த்தவன்:
நான் அப்படிச் சொல்லவில்லை.

மூன்றாம் வரிசை:
ஒரு சந்தேகம். சின்னக் குற்றம் என்று எதைச் சொல்கிறோம், கடும் தண்டனை என்று எதைச் சொல்கிறோம்? நஷ்டத்தை வைத்தா, நோக்கத்தை வைத்தா, எத்தனையாவது தடவை என்பதை வைத்தா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

ஒற்றைக்கண் ஆந்தை:
சுத்தம் ஐயா, பட்டி அண்ணன் சொன்னதைத் திருப்பிப் போடாதீர்கள். இது உங்கள் பழைய வித்தை. தெருநாய் இழையிலும் இதைத்தான் செய்தீர்கள், அப்புறம் உங்கள் பதிவையே அழித்துவிட்டுப் போனீர்கள்.

சுத்தம் சோறுபோடும்:
தெருநாய் இழையில் பதிவை அழித்தது நீங்கள். என்னிடம் படம் இருக்கிறது. வேண்டுமா?

ஒற்றைக்கண் ஆந்தை:
போடுங்கள். அன்றிலிருந்து போடுகிறேன் போடுகிறேன் என்றுதான் சொல்கிறீர்கள்.

வாய்தா:
நாயை அவிழ்த்துவிட்டு வாருங்கள் இருவரும். கடும் தண்டனை பயம் தரும் என்பதற்குச் சரித்திரத்தில் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தூக்குக்குரிய குற்றங்கள் இருநூற்றுக்கும் மேல். பன்னிரண்டு பென்சுக்கு மேல் ஜேப்படி அடித்தாலே தூக்கு என்று சட்டம். வீட்டுக்குள் நாற்பது ஷில்லிங் மதிப்புக்குத் திருடினால் தூக்கு. நடந்தது என்ன? ஜூரியில் உட்கார்ந்தவர்களுக்கு மனசு வரவில்லை. திருடிய பொருள் எவ்வளவு பெறுமானம் இருந்தாலும் “முப்பத்தொன்பது ஷில்லிங்” என்று எழுதி ஆளைத் தூக்கிலிருந்து இறக்கினார்கள். சில வழக்குகளில் விட்டே விட்டார்கள். தண்டனை ஏற ஏற, தண்டனை கிடைப்பதே நிச்சயமில்லை என்று ஆனது. கடைசியில் 1808இல் ஜேப்படிக்குத் தூக்கை எடுத்தார்கள். தண்டனையின் கொடுமையைவிட அது நிச்சயம் வரும் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிக்காரர் பெக்காரியா 1764லேயே எழுதிவிட்டார். சுவரில் எழுதியதற்கு ஐந்து வருடம் என்றால் எந்த நீதிபதிக்குக் கை வரும்? சந்தேகத்தின் பலன் என்று வெளியே அனுப்பிவிடுவார். பையன் அடுத்த சுவருக்குப் போவான்.

சுத்தம் சோறுபோடும்:
இங்கிலாந்து, இத்தாலி, தூக்கு. கேட்டது பெயிண்ட் போகுமா போகாதா என்று. பாடம் நடத்தச் சொல்லவில்லை.

சரி, சரித்திரம்தான் வேண்டுமென்றால் நியூயார்க்கை எடுங்கள். எழுபதுகளில் அந்தச் சுரங்க ரயில் பெட்டிகள் எப்படி இருந்தன? உள்ளே வெளியே கிறுக்கல், வரைபடமே தெரியாது. 1989இல் சுத்தம். உடைந்த ஒரு ஜன்னலை அப்படியே விட்டால் தெருவே கெடும் என்று 1982லேயே வில்சன், கெல்லிங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். சின்னதைப் பிடி, பெரியது தானாக அடங்கும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஒற்றைக்கண் ஆந்தை:
நியூயார்க்கில் பெட்டிகள் சுத்தமானது ஐந்து வருடச் சிறையாலா? 1984இல் அந்த ரயில் நிர்வாகம் எடுத்த முடிவு மிக எளிமையானது. சுத்தம் செய்த பெட்டியில் மறுபடி எழுதினால், அதை அழிக்காமல் ஓட்டுவதில்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்தவன் காலையில் பிளாட்பாரத்தில் நின்று தன் பெயர் ஊரைச் சுற்றிவருவதைப் பார்க்கக் காத்திருப்பான். அது வராது. எத்தனை தடவை ஏமாறுவான்? வேலிகளையும் பலப்படுத்தினார்கள், காவலும் போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதுகெலும்பு அந்தத் துடைப்பம்தான். நீங்களே ஜன்னல் கதை சொல்கிறீர்கள். அந்தக் கதையிலும் உடைந்த கண்ணாடியை உடனே மாற்று என்றுதான் வருகிறது, உடைத்தவனை ஐந்து வருடம் பூட்டு என்று எங்கே வருகிறது?

சுத்தம் சோறுபோடும்:
ஆக, துடைத்தார்கள். துடைத்தால் போகிற பெட்டி, துடைத்தார்கள். செங்கல் சுவராக இருந்தால்? பட்டி அண்ணன் சொன்ன மேகம் நிற்கிற சுவராக இருந்தால்? இதற்குத்தான் முதலிலிருந்து கேட்கிறேன்: பெயிண்ட் போகுமா, போகாதா?

தூரிகை:
எல்லோரும் ‘கிறுக்கல்’ ‘கிறுக்கல்’ என்கிறீர்களே, அதில் ஓவியமும் இருக்கிறது. அழுது வடிந்த சுவரில் ஒரு பையன் நல்ல முகம் ஒன்று வரைந்தால் அதற்கும் ஐந்து வருடமா? உங்கள் சிங்கப்பூரில் அந்தச் சட்டம் வந்ததே, அரசியல் முழக்கங்களைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான். சுத்தத்தைக் காப்பாற்ற மட்டும் என்று நினைத்தீர்களா?

சுத்தம் சோறுபோடும்:
வந்துவிட்டார் கலை ரசிகர். உங்கள் வீட்டு முன்சுவரில் ராத்திரியோடு ராத்திரியாக நான் வந்து ஒரு நல்ல முகம் வரைகிறேன். என் முகமாகவே இருக்கட்டும். காலையில் எழுந்து கலை என்று கும்பிடுங்கள்.

தூரிகை:
உங்கள் முகம் என்றால் நானே புகார் கொடுப்பேன்.

மூன்றாம் வரிசை:
மறுபடி கேட்கிறேன், சின்னக் குற்றம் என்றால் என்ன?

வாய்தா:
சிங்கப்பூர் சிங்கப்பூர் என்கிறாரே, அங்கேயே பயம் வேலை செய்ததா பார்ப்போம். 1994இல் ஃபே அடி வாங்கியது உலகத்துக்கே தெரியும். 2010இல் ஒரு சுவிஸ்காரர் சாங்கி டிப்போ வேலியை வெட்டி உள்ளே போய் ரயில் பெட்டியில் வரைந்தார். ஐந்து மாதமும் மூன்று அடியும். மேல்முறையீட்டுக்குப் போய் அது ஏழு மாதமாக ஏறியது. அதுவும் செய்தியாக வந்தது. நான்கு வருடம் கழித்து இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் இன்னொரு டிப்போவில் அதே வேலை, 2015இல் ஒன்பது மாதமும் மூன்று அடியும். அடி விழும் என்று தெரிந்தேதான் போனார்கள். மாட்டமாட்டோம் என்று நினைப்பவனுக்கு மூன்று மாதமும் ஒன்றுதான், முப்பது வருடமும் ஒன்றுதான்.

சுத்தம் சோறுபோடும்:
பாருங்கள், இருபது வருடத்தில் விரல்விட்டு எண்ணி மூன்று கதை சொல்கிறார். மூன்றும் வெளிநாட்டுக்காரர்கள். உள்ளூர்க்காரனுக்குப் பயம் இருக்கிறது என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். வக்கீலை எதிர்த்தரப்பே வைத்துக்கொண்டால் நமக்குச் செலவு மிச்சம்.

வாய்தா:
செய்தி உலகச் செய்தியாக ஆன மூன்றைச் சொன்னேன். உள்ளூர்க்காரர் யாருமே செய்யவில்லை என்று எங்கே சொன்னேன்? வாயில் வார்த்தையைத் திணிக்காதீர்கள். தண்டனையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் தெரியுமா? கலிஃபோர்னியாவில் 1994இல் ‘மூன்றாவது தடவை’ச் சட்டம் வந்தது. கடையிலிருந்து மூன்று கோல்ஃப் மட்டையைக் கால்சட்டைக்குள் மறைத்து எடுத்தவருக்கு, ஒவ்வொன்றும் 399 டாலர், இருபத்தைந்து வருடம் முதல் ஆயுள் வரை. 2003இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கடைசியில் அந்த மாநில மக்களே 2012இல் ஓட்டுப் போட்டு அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள்.

சுத்தம் சோறுபோடும்:
பழைய குற்றங்கள் வரிசையாக இருந்த ஆளைப் பற்றிச் சொல்லும்போது அந்த வரிசையை மறைப்பது என்ன வகை நேர்மை? மட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம். பெயிண்ட் போகுமா?

ஒற்றைக்கண் ஆந்தை:
அப்பா சாமி. பெயிண்ட் போகாத சுவர் என்றே வைத்துக்கொள்வோம். எழுதியவனைச் சிறையில் வைத்தால் மட்டும் போகுமா? சுவர் அப்படியேதான் நிற்கும், சாப்பாட்டுச் செலவு நம் தலையில். எழுதியவன் கையிலேயே துணியையும் வாளியையும் கொடுத்து, வாரக் கடைசியில் ஊர்ச் சுவரையெல்லாம் தேய்க்கவிடுங்கள். கூட்டாளிகள் பார்க்கத் தேய்க்கட்டும். அதுதான் தண்டனை.

பட்டி பார்த்தவன்:
கொஞ்சம் நில்லுங்கள். சுவர் தேய்ப்பது தண்டனையா? நான் தினமும் செய்கிற வேலை அது. உப்புத்தாள் போட்டு, தூசி குடித்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துப் பிழைக்கிறேன். திருடனுக்கும் ரவுடிக்கும் கொடுக்கிற தண்டனை என்று கூசாமல் எழுதுகிறீர்கள். அதுவும் தொழில் தெரியாத பையன் கையில் தின்னரைக் கொடுத்தால் ஒரு எழுத்து இருந்த இடத்தில் சுவர் முழுக்க மேகம் வரும். அப்புறம் அதைச் சரி செய்ய என்னைத்தான் கூப்பிடுவீர்கள், அதற்கும் பேரம் பேசுவீர்கள்.

ஒற்றைக்கண் ஆந்தை:
அண்ணே, உங்கள் தொழிலைக் குறைத்துச் சொல்லவில்லை. சம்பளம் இல்லாமல் செய்வதுதான் தண்டனை என்றேன்.

பட்டி பார்த்தவன்:
சம்பளம் இல்லாமலும் செய்திருக்கிறேன். பாக்கி வைத்த பெரிய மனிதர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு எத்தனை வருடம் என்று யாராவது சொல்லுங்கள்.

சுத்தம் சோறுபோடும்:
அண்ணே, அவர்களுக்கும் ஐந்து வருடம். என் பக்கம் வந்துவிடுங்கள்.

பட்டி பார்த்தவன்:
நீங்கள் முதலில் நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதியதைத் திருத்துங்கள், அப்புறம் பக்கத்தைப் பார்க்கலாம்.

தூரிகை:
நியாயம். திருத்துங்கள் ஐயா.

சுத்தம் சோறுபோடும்:
என்ன திருத்த வேண்டும்? ‘வராது’, ‘முடியாது’, ‘கசியும்’ என்று அவரே எழுதியிருக்கிறார், மேலே போய்ப் படியுங்கள். இங்கே இத்தனை பேர் கூடிப் பேசியும் என் ஒரு கேள்விக்கு ஒருத்தரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நாளைக்குத் தெருநாய் இழையின் படத்தோடு வருகிறேன்.

ஒற்றைக்கண் ஆந்தை:
படம் வருமா, வராதா?