மாஃபியா விளையாட்டில் சத்தம் போடுகிறவன்தான் வெல்கிறான், என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை அம்மா:
போயா (பௌர்ணமி) லீவில் எங்கள் பிளாட் பிள்ளைகள் எட்டுப் பேர் ரூஃப்டொப்பில் மாஃபியா விளையாடுவார்கள். சிலர் இரகசியமாக மாஃபியா, மற்றவர்கள் அப்பாவிகள்; "இரவில்" எல்லாரும் கண்ணை மூட மாஃபியா ஒருவரை வெளியேற்றும், "பகலில்" எல்லாரும் பேசி, சந்தேகப்படுகிறவருக்கு எதிராகக் கை தூக்கி வெளியேற்றுவார்கள். வயது 9 முதல் 13. யோசிக்கப் பழகட்டும் என்று நான்தான் தொடக்கிவிட்டேன். ஆனால் "அவன் சிரிக்கிறான், அவன்தான்!" என்று பெரியவன் ஒருத்தன் கத்த, மற்றவர்கள் கை தூக்குகிறார்கள். என் மகள் வாயே திறப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பொய் பழக்குகிறேன் என்று மாமி வேறு புறுபுறுக்கிறார்.

ரியூசன் சேர், கொட்டாஞ்சேனை:
அக்கா, முகம் பார்த்துக் கள்ளன் பிடிப்பது ராஜா மந்திரி துண்டு விளையாட்டு. 1986இல் மொஸ்கோவில் உளவியல் மாணவர் டேவிடோஃப் உருவாக்கிய மாஃபியா வேறு சங்கதி. விஷயம் தெரிந்த சிலர், தெரியாத பலரோடு மோதுகிறார்கள். அந்தப் பலருக்கு இருக்கிற முக்கிய ஆதாரம், யார் யாருக்கு எதிராகக் கை தூக்கினார்கள் என்பது. அதை ஒருவரும் ஞாபகம் வைப்பதில்லை.

ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். வெளியேறின பிள்ளையே எழுதட்டும், சும்மா இருந்து அலுக்காது. வெளியேறியவர் அப்பாவி என்று தெரிந்ததும் கேளுங்கள்: முதலில் கை தூக்கியது யார்? கடைசி நேரத்தில் மாறியது யார்? முதலில் தூக்கியவன் எல்லாம் மாஃபியா இல்லை, அப்பாவியும் பிழைவிடுவான். அதைப் பிரிக்கும்போதுதான் மூளை வேலை செய்யும்.

சிரிப்பை நம்ப வேண்டாம். 2006இல் பொண்ட், டிபோலோ என்ற இருவர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உண்மை எது பொய் எது என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54 தடவைதான். காசு சுண்டினாலே 50 வரும்.

தெமட்டகொடை வாப்பா:
கொப்பி நல்லம், ஆனால் 9 வயதுப் பிள்ளைக்கு ரியூசன் மாதிரி ஆகிவிடும் சேர் (கோபிக்க வேண்டாம்). நாங்கள் ஆளுக்கு அரை நிமிஷம் கொடுப்போம், ஆகச் சின்னவர் முதலில். "ஏனென்றால்" வராத குற்றச்சாட்டுக்கு வாக்கெடுப்பு இல்லை. சத்தக்காரன் தானாக அடங்குவான்.

பொய் விஷயம்: மாமி 304 சீட்டு விளையாடுவாரா? துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பாரே, அதற்கு என்ன பெயர்?

வெள்ளவத்தை அம்மா:
ஐயோ, மாமிக்கு 304 என்றால் உயிர்! சேர், இரவில் மாஃபியா யாரைத் தூக்கினது (வெளியேற்றினது) என்பதையும் எழுதலாமா?

ரியூசன் சேர், கொட்டாஞ்சேனை:
கட்டாயம். தன்னைச் சந்தேகித்தவரையே தூக்குகிறதா என்று பாருங்கள். கெட்டிக்கார மாஃபியா வேறொருவர் மேல் பழி விழுகிற மாதிரித் தூக்கும். அந்த 13 வயதுச் சத்தக்காரனுக்கு அதைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கொடுங்கள்.