ஹடிதா: சுட்டவர்கள் குற்றவாளிகளா, அவர்களை அங்கே நிறுத்தியவர்களா?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை இருபத்திரண்டு ஆண்டுகள் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சீருடை அணிந்தவர்களை வீட்டில் யாரும் இழிவாகப் பேச அவர் விட்டதில்லை. அந்த மரியாதை எனக்குள்ளும் அப்படியே படிந்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, ஈராக்கின் ஹடிதா நகரத்தில் 2005 நவம்பர் 19 அன்று நடந்ததைப் படித்த நாளிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. சாலையோரக் குண்டு வெடித்துத் தங்கள் தோழர் ஒருவர் இறந்ததும், அமெரிக்க மரைன் படையினர் அங்கே வந்த ஒரு வாடகைக் காரில் இருந்த ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள். மொத்தம் 24 ஈராக்கியர். சக்கர நாற்காலியில் இருந்த எழுபத்தாறு வயது முதியவரும் அவர்களுள் ஒருவர்.

என் கேள்வி இதுதான். மொழி தெரியாத, தன்னை வெறுக்கின்ற ஓர் ஊரில், எந்தக் கல்லுக்கு அடியில் குண்டு இருக்கிறது என்று அறியாமல் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்ட ஓர் இளைஞன் இப்படி மாறினால், குற்றம் அவனுடையதா, அவனை அங்கே அனுப்பியவர்களுடையதா? அனுப்பியவர்களுடையது என்றால், சுட்டவனை நாம் விடுவித்துவிடுகிறோமா?

படித்துறை:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். ஹடிதா போர்க்களம் அன்று, மக்கள் குடியிருந்த ஊர் என்பதிலிருந்து தொடங்கலாம். போர்க்களத்தில் எதிரே நிற்பவன் படைவீரன். ஆக்கிரமிப்பிலோ, எதிரே நிற்பவர் காய்கறி வாங்க வந்தவராகவும் இருக்கலாம், குண்டு வைத்தவராகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறியும் மொழியோ பழக்கமோ வந்து நிற்கும் படையிடம் இல்லை. ஆயினும் கதவைத் தட்டுவது, சோதனையிடுவது, கைது செய்வது என்று காவலருடைய வேலை முழுவதும் அந்தப் படையின் கையில் ஒப்படைக்கப்படுகிறது.

1907 ஆம் ஆண்டின் ஹேக் விதிகளும் 1949 ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையும் இந்த ஆபத்தை அறிந்தே எழுதப்பட்டவை. ஒரு நிலத்தைப் பிடித்து வைத்திருக்கும் அரசு அங்குள்ள மக்களின் உயிருக்கும் மானத்துக்கும் பொறுப்பு என்றும், ஒருவர் செய்ததற்காக மற்றவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் அவை தெளிவாகச் சொல்கின்றன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கை ஆக்கிரமித்திருக்கும் அரசுகள் என்பதை 2003 மே மாதத்தில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483 ஆம் தீர்மானமே பதிவு செய்தது.

பொறுப்பு காகிதத்தில் இருந்தது. கேட்பதற்கு ஈராக்கியருக்கு இடம் இல்லை. ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் பிறப்பித்த 17 ஆம் எண் ஆணை, வெளிநாட்டுப் படையினரை ஈராக்கிய நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு வெளியே நிறுத்தியது. ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைத்துவிட்டதாக 2004 ஜூன் 28 அன்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய நாள் அந்த ஆணையைத் திருத்திப் புதுப்பித்துக் கையெழுத்திட்டிருந்தார்கள். ஆகவே ஹடிதா நிகழ்ந்தபோது சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பு முடிந்திருந்தது, வீதியில் முடியவில்லை. ஒருவர் தன் குழந்தையைக் கொன்றவன் மீது தன் ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்ற நிலையை உருவாக்கியவர்கள் துப்பாக்கியைத் தொடாதவர்கள். அவர்களுடைய பங்கு சிறியது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கருவேலம்:

படித்துறை எழுதியவை அனைத்தும் உண்மை. ஆனாலும் 'சூழல்தான் காரணம்' என்ற பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அச்சம் உண்டு, ஏனென்றால் அதே சூழலில் நின்றவர்களில் சிலர் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள்.

ஹடிதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகள் அச்சத்திலோ வெறியிலோ நடந்தன என்று வைத்துக்கொண்டாலும், மறுநாள் வெளிவந்த அறிக்கையில் வெறி இல்லை. 15 பொதுமக்கள் சாலையோரக் குண்டில் இறந்ததாக நிதானமாக எழுதினார்கள். பின்னர் அந்தப் பதினைந்து பேரின் குடும்பங்களுக்கு ஏறத்தாழ 38,000 டாலர் கொடுக்கப்பட்டது. ஓர் உயிருக்கு 2,500 டாலர் என்ற கணக்கு. எதிரி வைத்த குண்டில் இறந்தவர்களுக்கு இவர்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று மேலே இருந்த ஒருவரும் அப்போது உரக்கக் கேட்கவில்லை. உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்து வைத்திருந்த காணொளி டைம் இதழின் கைக்குப் போய், 2006 மார்ச்சில் செய்தி வெளியான பிறகுதான் உலகம் அறிந்தது. எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு. ஆறு பேர் மீதானது கைவிடப்பட்டது, ஒருவர் விடுதலை. குழுத்தலைவர் மட்டும் 2012 இல் கடமையில் அலட்சியம் என்ற குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரும் சிறைக்குப் போகவில்லை.

இதற்கு எதிரே இருவரை நிறுத்துகிறேன். 2006 மார்ச்சில் மஹ்மூதியாவுக்கு அருகே பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை வன்புணர்ந்து, அவளையும் பெற்றோரையும் ஆறு வயதுத் தங்கையையும் கொன்றவர்கள் அமெரிக்க வீரர்கள். பழி முதலில் கிளர்ச்சியாளர்கள் மீது விழுந்தது. அதே படைப்பிரிவில் இருந்த ஜஸ்டின் வாட் என்ற இளம் வீரர், சக வீரர்களின் பேச்சைத் துண்டு துண்டாகக் கேட்டு உண்மையை ஊகித்து, கூட இருப்பவர்களே தன்னைக் கொன்றுவிடலாம் என்று தெரிந்தும் வெளியே சொன்னார். ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்க வீரர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்திய படங்கள் அடங்கிய குறுந்தகட்டை 2004 ஜனவரியில் விசாரணை அதிகாரிகளிடம் சேர்த்த ஜோசஃப் டார்பியும் கீழ்நிலை வீரர்தான். இவர்களும் அதே வெயிலில், அதே அச்சத்தில் இருந்தவர்களே. சுட்டவனுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொன்னால் இவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. கருவேலம் சொன்ன அந்த 2,500 டாலர் என்னை இரவெல்லாம் உறங்கவிடவில்லை. ஒன்று மட்டும் இன்னும் தெளியவில்லை. வாட், டார்பி போன்றவர்கள் அரிதாகவே இருப்பார்கள். கொல்லவும் இல்லை, சொல்லவும் இல்லை என்று நடுவில் நிற்கிற பெரும்பான்மையை எந்தக் கணக்கில் வைப்பது? என் தந்தையை அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

நீர்முள்ளி:

அன்புள்ள வைகைக்கரை, அந்த நடுவில் நின்றவர்களைப் பற்றி எழுத்தில் பதிவான ஒரு வழக்கு உண்டு. ஈராக்கின் தெற்கே உள்ள பஸ்ரா நகரத்தில் ஒரு விடுதியின் வரவேற்பாளராக இருந்த பஹா மூசா என்ற இருபத்தாறு வயது இளைஞரை 2003 செப்டம்பரில் பிரிட்டிஷ் படையினர் மற்றச் சிலரோடு பிடித்துச் சென்றார்கள். இரு சிறு மகன்களின் தந்தை. மனைவி சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். ஏறத்தாழ 36 மணி நேரத்தில் அவரும் இறந்தார். உடலில் 93 காயங்கள் இருந்தன.

தலையில் சாக்கு மாட்டுவது, வலிக்கும் நிலையில் நெடுநேரம் நிறுத்தி வைப்பது, உறங்க விடாதது ஆகிய முறைகளை அவர்கள் மீது பயன்படுத்தினார்கள். வட அயர்லாந்தில் கைதிகளிடம் கையாளப்பட்ட அதே முறைகள் இவை; பிரிட்டனில் எட்வர்ட் ஹீத் பிரதமராக இருந்த அரசு 1972 இல் இவற்றைத் தடை செய்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் அந்தத் தடை இராணுவத்தின் நினைவிலிருந்தே நழுவிப்போயிருந்ததை பஹா மூசாவின் சாவு குறித்து ஓய்வுபெற்ற நீதிபதி வில்லியம் கேஜ் தலைமையில் நடந்த விசாரணை 2011 இல் வெளிப்படுத்தி, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தின் கூட்டுத் தோல்வி என்று கடிந்துகொண்டது. இந்த இடத்தில் படித்துறையின் வாதம் முழுமையாகப் பொருந்துகிறது.

ஆனால் அந்த அறிக்கையில் என்னை நிறுத்தியது வேறு பகுதி. கைதிகள் அடைக்கப்பட்டிருந்த கட்டடம் ஒளிவுமறைவான இடம் அன்று. அவர்களின் ஓலம் வெளியே கேட்டது. பலர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். படைப்பிரிவின் மதகுருவும் உள்ளே போயிருந்தார். அவர்களின் நிலையைக் கண்டும் தடுக்கவோ மேலிடத்தில் சொல்லவோ அவருக்குத் துணிவு வரவில்லை என்று விசாரணை எழுதியது. மனிதரின் மனச்சாட்சிக்கென்றே படையோடு அனுப்பப்பட்டவர் அவர். இராணுவ நீதிமன்றத்தில் ஏழு பேர் நிறுத்தப்பட்டார்கள். மனிதத்தன்மையற்று நடத்தியதை ஒப்புக்கொண்ட ஒரு கார்ப்பரலுக்கு மட்டும் ஓராண்டுச் சிறை. மற்றவர்கள் மீது சான்று இல்லாமல் போனதற்கு, வீரர்கள் ஒருவரை ஒருவர் காத்து வாய்மூடி நின்றதே காரணம் என்று நீதிபதியே குறிப்பிட்டார்.

நடுவில் நின்றவர்களைக் கொலையாளிகளோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த 36 மணி நேரம் நீண்டிருக்காது. அன்றாட வாழ்வில் நல்லவர்களாக இருந்திருக்கக்கூடியவர்களே அங்கே நின்றார்கள். அவர்களை அப்படி நிற்கப் பழக்கியது ஆக்கிரமிப்பு, நின்றது அவர்கள். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

கருவேலம் குறிப்பிட்ட டார்பியைப் பற்றி ஒரு செய்தி. பெயரை வெளியிட மாட்டோம் என்று அவருக்கு உறுதி தந்திருந்தார்கள். 2004 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் அந்தப் பெயரைச் சொல்லி நன்றி கூறியபோது, டார்பி ஈராக்கில் நூற்றுக்கணக்கான வீரர்களோடு உணவுக்கூடத்தில் அமர்ந்து அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். நாடு திரும்பிய பின் சொந்த ஊரில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். அவரும் மனைவியும் மீண்டும் அங்கே குடியேற முடியவில்லை.