பாட்டி பிறந்தநாள் 🎂 (குடும்பக் குழு)

பெரியப்பா: பாட்டியின் 80-ஆவது பிறந்தநாள் ஞாயிறு காலை. எத்தனை பேர் என்று மண்டபத்துக்காரரிடம் இன்றே சொல்ல வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?

திவ்யா: ஓகே பெரிய மாமா

சேகர் சித்தப்பா: ஓகே

கார்த்தி: கே

பெரியப்பா: ஓகே என்றால்? வருகிறீர்களா, பார்த்துவிட்டீர்களா?

சாந்தி அத்தை: கார்த்தி, அப்பாவிடம் அது என்ன வெறும் கே?

கார்த்தி: சுருக்கம் அத்தை

சேகர் சித்தப்பா: ஓகேவே சுருக்கம்தான். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் அச்சானது. வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதன் முதலெழுத்துகளை மட்டும் போடுவது அப்போது அங்கே பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. 'ஆல் கரெக்ட்' என்பதற்கு ஏ, சி வர வேண்டிய இடத்தில் ஓ, கே போட்டார்கள். 'ஆல் ரைட்'டுக்கு ஓ.டபிள்யூ. என்று ஒன்று இருந்தது, அது நிலைக்கவில்லை.

அம்மா: தம்பி, வருகிறீர்களா இல்லையா?

சாந்தி அத்தை: ⏩ பலமுறை பகிரப்பட்டது: "அமெரிக்க உள்நாட்டுப் போரில் யாரும் சாகாத நாளில் 'ஜீரோ கில்ட்' என்று பலகையில் எழுதுவார்கள். அதுவே ஓகே! பத்துப் பேருக்கு அனுப்பவும்"

சேகர் சித்தப்பா: சாந்தி, அந்தப் போர் தொடங்கியதே 1861-ல்.

கார்த்தி: அப்புறம் எப்படிப் பரவியது சித்தப்பா?

பெரியப்பா: அவனைக் கிளப்பிவிடாதே டா

சேகர் சித்தப்பா: 1840 தேர்தலில் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி நின்றார். ஊர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்' என்ற பட்டப்பெயருக்கும் அதே ஓ.கே. ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் வைத்தார்கள், எதிராளிகள் அதையே வைத்துக் கிண்டலடித்தார்கள். அவர் ஹாரிசனிடம் தோற்றார், ஆனால் நாடு முழுக்க ஓகே பழகிவிட்டது. பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதையெல்லாம் 1960-களில் எழுதியவர் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். சாக்டா பழங்குடி மொழிச் சொல் என்றும் பலர் நம்பினார்கள். அதிபர் உட்ரோ வில்சன் அதனால் ஓ, கே, ஈ, எச் என்று நான்கெழுத்தாகவே எழுதுவார்.

பெரியப்பா: அப்பா வீட்டுக் கூரை வேலைக்குப் பங்கு கேட்டபோதும் ஓகே என்றுதான் போட்டாய். பணம் வந்ததா?

சேகர் சித்தப்பா: அண்ணா, அது 'பார்த்தேன்' ஓகே. பாஸ்டனில் 'எல்லாம் சரி' என்று மட்டும் இருந்தது. இப்போது பார்த்தேன், சம்மதம், போதும் விடு, சுமார், எல்லாவற்றுக்கும் அதுதான். படம் எப்படி என்றாலும் ஓகே என்கிறோமே.

பெரியப்பா: நாலு வருடம் கழித்துச் சொல்கிறாய்

அம்மா: மாமா, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்

திவ்யா: என்னுடையது சம்மத ஓகே. ஆனால் திங்கள் தேர்வு இருக்கிறது. சனிக்கிழமை வைக்கலாமா?

சாந்தி அத்தை: பாட்டியும் சனிதான் கேட்டார்கள்

பெரியப்பா: எப்போது? என்னிடம் சொல்லவில்லையே

சாந்தி அத்தை: நீங்கள் கோபப்படுவீர்கள் என்று…

கார்த்தி: சனி எனக்கு ஆபீஸ்

அம்மா: நானும் சாந்தியும் பாட்டியிடம் பேசுகிறோம். மண்டபத்தில் மாலை வரை டைம் கேளுங்கள் மாமா.

பெரியப்பா: இப்போதைக்கு 25 என்று சொல்கிறேன். சேகர், உன்னைச் சேர்த்தா?

சேகர் சித்தப்பா: சேர்த்துத்தான் அண்ணா. நாங்கள் மூன்று பேர்.