ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின் கம்பெனி: ஒரு வருசம் 4.6 பில்லியன் நஷ்டம், மறுவருசம் 4.9 பில்லியன் லாபம், எப்படி லா?

பத்தாங்_புள்ள
வணக்கம் அண்ணே, அக்கா எல்லாருக்கும். பத்தாங் பெர்ஜுந்தைலேர்ந்து எழுதறேன், அக்கவுண்டிங் படிக்கிறேன். அசைன்மென்ட்டுக்கு ஒரு கம்பெனியோட ஆண்டறிக்கைய பல வருசத்துக்கு எடுத்துப் பாக்கணும், பசங்க எல்லாம் பேங்க், பால்மாவுனு ஈஸியா எடுத்துட்டுப் போய்ட்டானுங்க, எங்க மாமா செரெண்டால ட்ரெண்ட் இன்ஜினுக்கு ஃபேன் கேஸ் செய்யற ஃபேக்டரில இருக்காரேன்னு நான் ரோல்ஸ் ராய்ஸ எடுத்துத் தொலைச்சேன். 2016ல வரிக்கு முந்தி 4.6 பில்லியன் பவுண்ட் நஷ்டம். 2017ல 4.9 பில்லியன் லாபம். 2018ல திரும்ப 2.9 பில்லியன் நஷ்டம். இதுல 2016க்கே 'அண்டர்லையிங்' லாபம் 813 மில்லியன்னு இன்னொரு கணக்கு வேற. எத நம்பறது?

மச்சான்_கிள்ளான்
அந்த வருசம் கார் ஓடல போல ஹஹா

ரவாங்_ஆடிட்டர்
கார் பிஎம்டபிள்யூ கையில இருக்கு தம்பி, இது வேற கம்பெனி, ஏரோபிளேன் இன்ஜின். @பத்தாங்_புள்ள, அந்த ஆட்டம் முக்காவாசி கரன்சி மா. இன்ஜின விக்கறது டாலர்ல, டெர்பி ஃபேக்டரில சம்பளம் குடுக்கறது பவுண்ட்ல. அதனால வரப்போற டாலர பல வருசத்துக்கு முன்னாடியே ஒரு ரேட் பேசி வித்து வெச்சிடுவாங்க, 2016ல அப்படி வித்து வெச்சது 30 பில்லியன் டாலருக்கு மேல. ஜூன்ல பிரெக்ஸிட் ஓட்டு, பவுண்ட் சரிஞ்சு வருசக் கடைசில 1.23 டாலருக்கு வந்துடுச்சு. பழைய ரேட்டுக்கு பேசின கான்ட்ராக்ட் எல்லாத்தையும் அன்னிக்கு ரேட்ல அளந்து பாக்கணும்னு அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் சொல்லுது, அளந்தா 4.4 பில்லியன் அடி. அடுத்த வருசம் பவுண்ட் 1.35க்கு ஏறவும் அதே கான்ட்ராக்ட் லாபமாத் திரும்பிடுச்சு. ரெண்டு தடவையும் பேங்க்லேர்ந்து அவ்வளவு காசு போகவும் இல்ல வரவும் இல்ல.

ஆனா 2016ல நெசமான செலவு ஒண்ணு இருக்கு, அத விட்டுடாத. லஞ்சக் கேஸ முடிக்க பிரிட்டன், அமெரிக்கா, பிரேசில் மூணுக்கும் சேத்து 671 மில்லியன் பவுண்ட். பிரிட்டன் கேஸ்ல சொன்ன நாடுங்கள்ல நம்ம மலேசியாவும் உண்டு.

பழைய_கிராணி
ஆபீஸ்ல பேரேடு எழுதினவன் சொல்றேன் மா. மில்லுக்காரன் செம்பனை எண்ணெய ஆறு மாசம் முன்னாடியே டன்னு 3,500 வெள்ளி (ரிங்கிட்)னு பேசி வித்துட்டான்னு வெச்சுக்க, மார்க்கெட் 4,500க்கு ஏறிடுச்சு. பேப்பர்ல டன்னுக்கு 1,000 வெள்ளி நஷ்டம், எண்ணெய் இன்னும் மரத்துல குலையா தொங்குது. அவ்வளவுதான் சங்கதி. அண்டர்லையிங்னு போடறது, பேசின ரேட்டுலயே கணக்குப் பாத்தா என்ன வரும்னு.

ட்ரெண்ட்_மெக்கானிக்
கரன்சிய விடுங்க, பறக்கற மணி நேரத்தப் பாருங்க, இந்த பிஸ்னஸோட உயிரே அங்கதான். பெரிய இன்ஜின பல தடவ நஷ்டத்துக்குத்தான் விக்கறாங்க, 2018ல ஒரு இன்ஜினுக்கு சராசரியா ஒரு மில்லியன் பவுண்டுக்கு மேல கைய விட்டுப் போச்சு. அப்புறம் ஏர்லைன் பறக்கற ஒவ்வொரு மணிக்கும் காசு கட்டும், ரிப்பேர் அவங்க பொறுப்பு. 1962லயே பிரிஸ்டல் சிட்லி கம்பெனி வைப்பர் இன்ஜினுக்கு ஆரம்பிச்ச பழக்கம் இது, அந்தக் கம்பெனிய பின்னாடி ரோல்ஸ் வாங்கிடுச்சு. மாஸோட (மலேசியா ஏர்லைன்ஸ்) ஏ350லயும் ஏர்ஏசியா எக்ஸ் ஏ330லயும் தொங்கறது இவங்க இன்ஜின்தான்.

இதுல ஆபத்து என்னன்னா, இன்ஜின் சீக்கிரம் தேஞ்சா செலவு ஏர்லைனுக்கு இல்ல, செஞ்சவனுக்கு. ட்ரெண்ட் 1000ல டர்பைன் பிளேடு நேரத்துக்கு முன்னாடியே கழட்ட வேண்டியதாப் போச்சு, 2018 நஷ்டத்துல அதுக்கு மட்டும் 790 மில்லியன். கோவிட்ல இன்னும் மோசம், 2020ல பறந்த மணி 2019ல பாதி கூட இல்ல, கையிலேர்ந்து 4.2 பில்லியன் பவுண்ட் ரொக்கம் ஓடிடுச்சு, 9,000 பேர் வேலைய குறைக்கறோம்னாங்க. இது பேப்பர் நஷ்டம் இல்ல தங்கச்சி.

மச்சான்_கிள்ளான்
அப்ப ரைட்ஸ் இஷ்யூல (பங்கு வெச்சிருக்கறவங்களுக்கே புதுப் பங்கு விக்கறது) பங்கு 32 பென்ஸ். அப்ப வாங்கினவன் இப்ப என் மெசேஜுக்கு ரிப்ளை பண்றதில்ல.

பத்தாங்_புள்ள
ஐயோ இப்பத்தான் புரியுது, கிராணி ஐயாவுக்கு பெரிய நன்றி. அப்ப 2024ல நல்லா வந்திருக்கே, அதுவும் கரன்சியா?

ரவாங்_ஆடிட்டர்
இல்ல, அது வேலை செஞ்சு வந்தது. அண்டர்லையிங் ஆப்பரேட்டிங் லாபம் 2.5 பில்லியன் பவுண்ட் கிட்ட, ஃப்ரீ கேஷ் ஃப்ளோவும், அதாவது செலவு போக கையில மிஞ்சற ரொக்கமும், 2.4 பில்லியன், லாபமும் ரொக்கமும் ஒட்டி நிக்குது பாரு, நான் நம்பறது அதத்தான். பறந்த மணி 2019அ தாண்டிடுச்சு, 2023ல வந்த புது சிஇஓ துஃபான் எர்கின்பில்கிச் ஏர்லைன் கான்ட்ராக்ட் பலதையும் திரும்ப விலை பேசினாரு, கோவிட்டுக்கு அப்புறம் முதல் தடவையா 6 பென்ஸ் டிவிடெண்ட்.

இன்னொண்ணு, வருமானத்த எப்ப கணக்குல எழுதணும்னு சொல்ற ஐஎஃப்ஆர்எஸ் 15 ஸ்டாண்டர்ட் வந்து 2018ல கணக்கு முறையே மாறிடுச்சு. 2017 நம்பர அந்த வருச ரிப்போர்ட்லேர்ந்து எடுக்காத, 2018 ரிப்போர்ட்ல திருத்திப் போட்டிருக்கறத எடு, இல்லன்னா டேபிள் ஒத்து வராது, லெக்சரர் மொதல்ல அங்கதான் கை வெப்பாரு.