[கலைச்சொல்] ‘ஸ்டூவர்ட்ஷிப்’: ஓம்பலா, காப்பா, கடனா?

வ. எழுதியது:
வணக்கம். பழங்குடிக் கலை பற்றிய பாடநூலைத் தமிழாக்குகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் வாழும் லம்மி மக்கள் பற்றிய இயலில் சிக்கிக்கொண்டேன். 1970-இல் குட்டியாகப் பிடிபட்டு மயாமி கடல் பூங்காவில் அடைபட்ட ஓர்க்கா (கொலைத் திமிங்கலம் எனப்படும் கடல் பாலூட்டி) டோகிட்டே. அவளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, லம்மி மரச்சிற்பிகள் 2018-இல் குலக்குறிக் கம்பம் செதுக்கி மயாமி வரை கொண்டுபோனார்கள். 2023-இல் அவள் அங்கேயே இறந்தாள். அவள் பிடிபட்ட சாலிஷ் கடலுக்குத் திரும்பியது சாம்பல்தான். இந்தக் கம்பத்தை விளக்கும் பத்தியெங்கும் ‘ஸ்டூவர்ட்ஷிப்’ (stewardship), அதாவது இயற்கையைப் பொறுப்போடு பேணுதல். ‘சூழல் மேலாண்மை’ என்று போட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கை போல் இருக்கிறது. நாளை மறுநாள் கெடு.

இரா.:
“பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல்” இருக்கையில் ஏன் அலைகிறீர்கள்? ‘சூழலோம்பல்’.

செ.:
ஐயா, ஓம்புகிறவர் மேலே, ஓம்பப்படுவது கீழே. லம்மி மக்களுக்கு ஓர்க்கா அலைக்கடியில் வாழும் உறவு. உறவை மீட்கப் போனவர்களைப் புரவலர்களாக்கலாமா? “ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே” என்றாள் புறநானூற்றுத் தாய். அந்தக் கடன்தான் இது. ‘உறவுக்கடன்’.

ம.:
என் மாணவர்கள் கூட்டுறவுக் கடன் சங்கம் என்றே படிப்பார்கள். ‘பாதுகாப்பு’ போதாதா?

இரா.:
மயாமியிலும் பாதுகாப்பாகத்தான் வைத்திருந்தார்கள் அம்மா! தவிர, செ. சொல்லும் தாய் மட்டும் பிள்ளைக்குச் சமமா?

செ.:
கடன் இருபக்கமும் செல்லும், ஓம்பல் செல்லாது. இடையே ஒன்று: வரைவில் ‘கொலைத் திமிங்கலம்’ என்றிருக்கிறது. திமிங்கிலமே வடசொல், ‘திமி’ என்னும் பெருமீனை விழுங்குவது. உயிரியல்படி ஓர்க்கா ஓங்கில் (டால்பின்) குடும்பம். ஓங்கி எழுவதால் ஓங்கில். ஆக, ‘பேரோங்கில்’.

ம.:
பேரோங்கில் என்றால் எந்தப் பிள்ளைக்கு விளங்கும்? ஓர்க்கா ஓர்க்காவாகவே இருக்கட்டும்.

வ.:
ஓர்க்காவை மாற்றவில்லை, ‘கொலை’யை எடுத்துவிட்டேன். ‘ஓம்பல்’ பக்கம் இரா.வும், அரைமனதாக ம.வும். அதையே இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘உறவு முறையில் ஓம்பல்’ என்று விரிக்கிறேன்.

செ.:
உடன்பாடில்லை என்று பதிந்துகொள்ளுங்கள். பேரோங்கிலுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.