செசிலியா திருநாள் மலருக்கு அப்பாவைப் பற்றி ஒரு பக்கம்

நான்: எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளுக்கு இம்முறை எங்கள் கோவில் பாடகர் குழாம் (குயர்) ஒரு சிறு மலர் போடுகிறது. குயர் மாஸ்டராக இருந்த அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கொடுக்க வேண்டும். ஆளாளுக்கு ஞாபகம் வருவதை இங்கே எழுதுங்கள், நான் சேர்த்து எழுதுகிறேன்.

அண்ணா (ஸ்காபரோ, கனடா): நல்ல விஷயம் தங்கச்சி. எந்த வருடம் தொடங்கினார், எத்தனை போட்டியில் பரிசு, எந்தெந்த ஆயர் முன்னால் பாடினார்கள், எல்லாவற்றையும் வரிசையாகப் போடு.

பெரியக்கா (பாலையூற்று, திருகோணமலை): தம்பி, பரிசுகளை வரிசையாக எழுதினால் அதில் அப்பா எங்கே இருப்பார்? அந்தக் கேடயம் ஒன்றையாவது அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தாரா? எல்லாம் குயர் அறை அலுமாரியிலேயே கிடந்தன. பூசை முடிந்து வந்தால் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கடைசி வாங்கில் இருந்தவர்கள் பாடினார்களா?"

நான்: ஓம் அக்கா. நாங்கள் நன்றாகப் பாடினோமா என்று ஒருநாளும் கேட்டதில்லை 🙂

சித்தப்பா (மட்டக்களப்பு): பிள்ளைகள், அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். நானும் அண்ணனும் சிறுவர்களாக இருந்தபோது பூசை இலத்தீனில். சுவாமி (குருவானவர்) பீடத்தைப் பார்த்து நிற்பார். குயர் மேல் மாடியில் பாடும், கீழே சனம் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும். நற்கருணை ஆசீர்வாதத்தில் "தாந்தும் எர்கோ" என்ற இலத்தீன் பாட்டு வரும்போது மட்டும் எல்லோருக்கும் வாய் திறக்கும், அது மனப்பாடம். 1963 டிசம்பர் 4இல், உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன் பிறகுதான் தமிழ் பீடத்துக்கு வந்தது. பாடகர் குழுவை வளர்க்கச் சொல்கிற 114ஆம் பத்தியிலேயே, மக்கள் எல்லோரும் தங்கள் பங்கைப் பாட வேண்டும் என்றும் இருக்கிறது. அண்ணன் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்.

பெரியக்கா (பாலையூற்று): [படம்: கொப்பி] இதுதானே சித்தப்பா? மை மங்கிவிட்டது, ஆனால் வாசிக்கலாம்.

சித்தப்பா (மட்டக்களப்பு): அதேதான். அண்ணனுடைய கையெழுத்தைக் கண்டதும் மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்றும் எழுது பிள்ளை. ஆரம்பத்தில் பழைய மெட்டுகளிலேயே தமிழ்ச் சொற்களைப் போட்டுப் பார்த்தார்கள். குறிலில் மெட்டு நீளும், நெடிலில் ஓடிவிடும். "ஆண்டவர்" என்பதை "ஆண்டவாஆர்" என்று இழுக்க வேண்டி வரும். அண்ணனுக்கு அது பொறுக்காது. "சொல்லை முறிக்காதே, மெட்டை வளை" என்பார். இரவிரவாக இருந்து தாளத்தை மாற்றி எழுதுவார். காலையில் துறைமுகத்தில் வேலை. இதற்கு ஒரு சதம் சம்பளம் கிடையாது.

அம்மா: (மூத்தவள் எழுதித் தருகிறாள்) சம்பளத்தை விடுங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரத்தில் அவர் வீட்டில் இருந்தால்தானே. பெரிய வியாழன் பூசையில் "உன்னதங்களிலே" பாடி முடிந்ததும் ஆர்மோனியத்தை மூடிவிடுவார். பாஸ்கா இரவில், அதாவது பெரிய சனி இரவுப் பூசையில், அதே பாட்டுக்குத்தான் திறப்பார். பெரிய வெள்ளி முழுக்கக் குரல் மட்டும். வருடத்திலேயே தனக்குப் பிடித்த நாள் அதுதான் என்பார், அன்றைக்கு ஒருவரும் பெட்டிக்குப் பின்னால் ஒளிக்க முடியாதாம்.

மருமகன் (அக்காவின் மூத்தவன்): சித்தி, ஆர்மோனியம் பற்றி நான் சொல்லலாமா? அம்மப்பா எனக்குக் காட்டித் தந்தது. இங்கே உப்புக்காற்று, உள்ளே இருக்கிற பித்தளை நாக்குகள் களிம்பு பிடித்துச் சுருதி விலகும். பலகையைக் கழற்றி, பிளேடால் நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். கொஞ்சம் கூடினாலும் நாக்கு போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த வருடப் பெரிய வாரத்தில் என் கீபோர்ட்டை நம்ப முடியவில்லை. எல்லாப் பூசைக்கும் அவருடைய பெட்டிதான் வந்தது.

நான்: இது கட்டாயம் வேண்டும் மகன். சுருதி இறக்குகிற கதையையும் எழுது.

மருமகன் (அக்காவின் மூத்தவன்): ஓம் சித்தி. குயர் அக்காமார் பாட்டை மேலே தூக்கச் சொல்வார்கள், அவர்களுக்கு அது வடிவாக இருக்கும். அம்மப்பா சுருதியை ஒன்றரைக் கட்டையாவது இறக்கிவிடுவார். "விடியக் கடலுக்குப் போய்வந்த ஆளுக்கும் ஆச்சிக்கும் எட்ட வேண்டும்" என்பார். பல்லவியை எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, சரணத்தில் குயருக்கு நாலு குரல் பிரித்துக் கொடுப்பார். மேல் குரல் பாடுகிற சோப்ரானோவின் ஆசை அங்கே தீரும்.

பெரியக்கா (பாலையூற்று): 2004ஐயும் எழுத வேண்டும் தங்கச்சி. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். சுனாமி அலை வந்த பிறகு அடுத்தடுத்து அடக்கப் பூசைகள். குயரில் பலர் வீடு இழந்து முகாமில். அப்பா ஆர்மோனியத்தை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போவார். ஒருவரையும் வரச்சொல்லிக் கேட்கவில்லை. இரண்டாவது கிழமையிலிருந்து முகாமில் இருந்தவர்களே ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்று பாடினார்கள். நான் பார்த்தேன்.

அண்ணா (ஸ்காபரோ): அக்கா, அந்த நாட்களில் நான் இங்கே இருந்து தொலைபேசியோடு கிடந்தேன். சரி, பரிசுகளை விடு தங்கச்சி, இதைப் போடு. சின்ன வயதில் எனக்குச் சுருதி நிற்காது. குயர் மாஸ்டரின் மகன் என்று ஊர் சிரிக்கும். அப்பா என்னை வெளியே அனுப்பவில்லை. நல்ல குரல் உள்ள ஒரு அண்ணாவுக்கும் வயலினுக்கும் நடுவில் நிறுத்தி, "நீ பாடாதே, கேள்" என்றார். பல மாதம் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். பிறகு மெதுவாக "இப்போது பாடு" என்றார். இன்றைக்கு இங்கே தமிழ்ப் பூசையில் டெனர் (ஆண்களின் மேல் குரல்) வரிசையில் நிற்கிறேன் என்றால் அதனால்தான்.

சித்தப்பா (மட்டக்களப்பு): அப்படி அவர் நிறுத்தி வைத்த ஆட்கள் எத்தனை பேர் தம்பி! "குரல் இல்லாதவன் என்று ஒருவனும் இல்லை, காது திறக்காதவன்தான் உண்டு" என்பார்.

நான்: போதும், இதை வைத்து எழுதிவிடுவேன். தொடங்கிய வருடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு நேராகக் கடைசி வாங்குக்குப் போகிறேன். அக்கா, கொப்பிகளை அலுமாரியிலிருந்து எடுத்து வெயில் படாமல் வை. கறையான் வந்துவிடும்.

மருமகன் (அக்காவின் மூத்தவன்): சனிக்கிழமை வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறேன் சித்தி. மாமா, உங்களுக்கும் அனுப்புகிறேன், அங்கே பாடலாம்.

அண்ணா (ஸ்காபரோ): அனுப்பு மருமகன். எந்தக் கட்டை என்று அவர் ஓரத்தில் எழுதியிருப்பார், அதை வெட்டாமல் எடு.

அம்மா: திருநாள் பூசைக்கு என்னை முன்னால் இருத்தாதீர்கள். நான் பின்னால் இருக்கிறேன்.